நுணுக்குக்காட்டி நல்லதுதான், மேடைதான் இறங்குது

போன கிழமை கல்முனையிலிருந்து தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: “அண்ணன், உங்கட மாதிரிப் பழைய நுணுக்குக்காட்டி ஒண்டு விலைக்கு வந்திருக்கு. புலி எச்சம் பார்க்க எடுக்கலாமா?” இரண்டு வரியில் பதில் எழுதத்தான் இருந்தேன். பழைய கோபமெல்லாம் கிளம்பிவிட்டது.

2021 இல் பாவித்த சாமானாக 38,000 ரூபாய்க்கு எடுத்தேன். அனுமதிக் கடிதத்தோடு அம்பாறைப் பக்கக் காட்டுப் பாதைகளில் பொறுக்கிய சிறுத்தை எச்சம்தான் (எங்கட ஊரில் சிறுத்தையைத்தான் புலி என்பது; எச்சம் என்றால் அதன் மலம்) இதற்கு இரை. காய்ந்த எச்சத்தை ஊறவைத்து, கையுறை, முகக்கவசத்தோடு (நாடாப்புழு முட்டை இருக்கும், விளையாட்டில்லை) சல்லடையில் கழுவினால் எலும்புத் துண்டும் குளம்பும் மயிரும் மிஞ்சும். மயிர் செரிக்காது, எதைத் தின்றது என்று அதுதான் காட்டிக்கொடுக்கும். ஓர் எச்சத்துக்கு 20 மயிர் எடுத்துப் பார்ப்பேன். “மனே, உந்தச் சல்லடை குசினிக்குள்ள வந்தா நான் வெளியால போறன்” என்று அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்.

இனி மேடைக் கதை, அதாவது சிலைட் வைக்கிற தட்டின் கதை. 40 மடங்கு பெருக்கும் வில்லையில் மயிரைக் கூர்மையாகப் பிடித்துவிட்டுக் கொப்பியில் இரண்டு சொல் எழுதுவேன். நிமிர்ந்து பார்த்தால் மயிர் புகைபோல் மங்கிக் கிடக்கும். திருகைத் திருப்பினால் வரும். மறுகா போகும். சிலைட்டின் பாரத்தைக்கூடத் தாங்காமல் மேடை தன்பாட்டில் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். முதல் வருசம் என் கண்ணில்தான் பிழை என்று கண்ணாடிகூட மாற்றினேன்! ஒரு கையால் திருகை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் எழுதப் பழகி, இன்றைக்கும் தேநீர்க் கோப்பையை இடக்கையால் பிடிக்க முடியாத அளவுக்கு விரல் மூட்டு நோகிறது.

பிடித்து வைத்திருக்கும் அந்த அரை நிமிடத்தில் அது காட்டுவதையும் சொல்லத்தான் வேண்டும். புள்ளிமான் மயிரின் நடுப்பகுதி தேன்வதை போல அறை அறையாக, அகலம் முழுக்க நிறைந்திருக்கும். முயல் மயிர் சோளன் பொத்தியில் முத்து அடுக்கினது மாதிரி. பன்றி மயிர் தடிப்பு, நுனி பிளந்திருக்கும். அதற்கு நுணுக்குக்காட்டியே வேண்டாம். மேற்பரப்புச் செதில்களைப் பார்க்க நிறமில்லாத நகப்பூச்சைச் சிலைட்டில் தடவி, மயிரை வைத்து, காய்ந்ததும் உரித்தெடுத்தால் அச்சு அப்படியே பதிந்திருக்கும். சந்தையில் வாங்கின நகப்பூச்சு செய்கிற வேலை இது. முதல் தடவை பார்த்தபோது மேடை இறங்கினதுகூடத் தெரியவில்லை. சிறுத்தை தன்னை நக்கித் துடைக்கும்போது விழுங்கின தன் மயிரும் இடையில் கிடக்கும். அது இருந்தால் எச்சம் நாயினதா நரியினதா என்ற சந்தேகம் குறையும்.

மேடை இறங்கினால் என்ன குடியா முழுகும் என்று கேட்கலாம். முழுகும். சின்ன இரையில் இறைச்சி குறைவு, அதற்கு மயிர் அதிகம். ஆகவே எச்சங்களை எண்ணிக்கொண்டே போனால் முயல்தான் பிரதான சாப்பாடு என்று வந்துவிடும். அதைத் திருத்த 1984 இல் பூமாக்களை (அமெரிக்கக் காட்டுப் பூனையினம்) வைத்து ஆக்கர்மேன் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் கண்ட சமன்பாடு ஒன்றுண்டு: இரையின் நிறையை 0.035 ஆல் பெருக்கி 1.98 ஐக் கூட்டு. 50 கிலோ மான் என்றால் ஓர் எச்சம் 3.73 கிலோ இறைச்சிக்குச் சமன். மங்கலில் முயலை மான் என்று எழுதினால் கணக்கே கவிழும். நானும் ஒரு தடவை எழுதி, ஒரு மாத வேலையைத் திரும்பச் செய்தேன்.

மாட்டு மயிர் வந்தால் வேறு தலையிடி. பட்டிக்காரர் கேட்பது ஒரே கேள்வி: “புலிதான் அடிச்சதா?” செத்துக் கிடந்ததைத் தின்றதா, அடித்துத் தின்றதா என்று மயிர் சொல்லாது. அதற்கு நுணுக்குக்காட்டியைக் குறை சொல்ல மாட்டேன். இரைச் சடலங்களை மட்டும் தேடிப் போகிறவர்களுக்குப் பெரிய மிருகம்தான் அகப்படும். முயலில் சடலம் ஏது? பொறிக் கமரா வழியில் யார் போனார் என்று காட்டும், வயிற்றுக்குள் என்ன போனது என்று காட்டாது.

2022 மின்வெட்டிலும் இது நிற்கவில்லை. மின்குமிழைக் கழற்றி, வெளிச்சத்தைத் திருப்பிவிடும் கண்ணாடியைப் போட்டு, திண்ணை வெளிச்சத்தில் வேலை ஓடியது. அன்றைக்கு அதைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது உண்மை.

போன மாதம் மட்டக்களப்பு டவுனில் மணிக்கூடு திருத்துகிற ஐயா ஒருவர், பெரிய திருகுக்குப் பின்னால் இருந்த வளையத்தைப் பத்து நிமிடத்தில் இறுக்கித் தந்தார். 500 ரூபாய். நாலு வருசம்! எனக்கு விற்றவர் அந்த வளையத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. மூன்று கிழமை நன்றாக நின்றது. நேற்று மறுபடி இறங்கத் தொடங்கியிருக்கிறது.

ஆகத் தம்பி, எடுக்காதீர். எடுத்தே தீருவேன் என்றால் ஒரு தலைமயிரைச் சிலைட்டில் ஒட்டிக்கொண்டு போங்கள். 40 வில்லையில் பிடித்து வைத்துவிட்டு, விற்பவரோடு ஐந்து நிமிடம் ஊர்க்கதை கதையுங்கள். திரும்பிப் பார்க்கும்போது மயிர் மங்கியிருந்தால் காசை வெளியே எடுக்க வேண்டாம்.