ஒரு ஆம்பியர் லேப்டாப்புக்குப் பெரிய பின்

புது லேப்டாப்பை முதன்முதலில் ஆன் செய்தது எங்கள் வீட்டுச் சமையலறையில். ஒரு பக்கம் ஃபிரிட்ஜ், இன்னொரு பக்கம் கிரைண்டர், நடுவே முக்காலியின்மேல் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் ரூபாய் கேமிங் லேப்டாப். மூடியில் அம்மா வைத்த சந்தனம் இன்னும் காயவில்லை. அக்கா பையன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கீபோர்டின் கலர் விளக்குகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஃபிரிட்ஜை எவ்ளோ நேரம்டா பிடுங்கி வைக்கிறது? பால் திரிஞ்சிடும்" என்று அக்கா ஹாலிலிருந்து குரல் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

எல்லாம் சார்ஜரோடு வந்த வயரால். அதன் முனையில் இருந்தது பெரிய பின். பெட்டியில் 16 ஆம்பியர் என்று போட்டிருக்கும், நாமெல்லாம் 15 ஆம்ப்ஸ் என்றே சொல்லிப் பழகிவிட்டோமே, ஏசிக்கும் கீசருக்கும் மாட்டுவது, அதே பின். தோட்டப்பாளையத்தில் அப்பா கட்டிய வீட்டில் அந்த ஓட்டை மொத்தம் மூன்று இடத்தில்தான் இருக்கிறது: குளியலறை, மோட்டார் ரூம், ஃபிரிட்ஜுக்குப் பின்னால். முதல் இரண்டில் உட்கார்ந்து கேம் ஆட முடியாது.

கொஞ்சம் பின்னால் போகிறேன். நான் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்குப் போய் பதினான்கு வருஷமாகிறது. "அங்கேயே வாங்கி வந்திருக்கலாமே" என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. சுங்கத்தில் பிரச்சனையில்லை, 18 வயது நிரம்பிய பயணி ஒரு லேப்டாப்பை வரியில்லாமல் கொண்டுவரலாம். ஆனால் ஜெர்மன் கீபோர்டில் இசட் இருக்கிற இடத்தில் ஒய் இருக்கும், ஒய் இருக்கிற இடத்தில் இசட். போதாததற்கு மேலே புள்ளி வைத்த எழுத்துகளுக்குத் தனித்தனிப் பட்டன். வரியும் அங்கே 19 சதவீதம், இங்கே ஜிஎஸ்டி 18. ஊரிலேயே வாங்கினால் வாரண்டியும் ஊரிலேயே. அதோடு, கல்லூரி விடுதிக்குப் போகப்போகிற மருமகனை அழைத்துக்கொண்டு வேலூர்க் கடைவீதியில் ஒரு பெரிய பொருள் வாங்க வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இருந்தது. 2003-ல் என் முதல் கம்ப்யூட்டரைச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகம் பாகமாக வாங்கி, அந்தப் பானை வயிற்று மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு காட்பாடி வரை ரயிலில் வந்தவன் நான். கால் மரத்துப்போய் ஸ்டேஷனில் இறங்க முடியவில்லை. இவனுக்கு அந்தக் கஷ்டம் எதுவும் வேண்டாம், நடந்து போய் வாங்கி நடந்து வரலாம் என்று நினைத்தேன்.

வாங்கியது சுலபமாகவே நடந்தது. ஆடித் தள்ளுபடி. ஆடியில் புதுப் பொருள் வேண்டாம் என்று அம்மா முனகினார், தள்ளுபடித் தொகையைச் சொன்னதும் நிறுத்திக்கொண்டார். கடைப் பையன் என் பக்கத்தில் நின்றவரிடம் வங்காளியில் பேசிக்கொண்டிருந்தான். சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களால் இந்த ஊர்க் கடைக்காரர்களுக்கு வந்த மொழி அது. என் பக்கம் திரும்பும்போது தமிழ், போனில் தெலுங்கு. அவனைச் சோதிக்க ஒரு கேள்வி வைத்திருந்தேன். கிராபிக்ஸ் சிப்புக்கு ஆர்டிஎக்ஸ் 4060 என்று ஒரே பெயர் ஒட்டியிருந்தாலும், லேப்டாப்பில் அந்தச் சிப் 35 வாட்டிலும் ஓடும், 115 வாட்டிலும் ஓடும். மெல்லிசான மாடலில் சூடு தாங்காதென்று குறைத்து வைத்திருப்பார்கள், பெயரைப் பார்த்து வாங்குகிறவன் ஏமாறுவான். "இதுல எவ்வளவு வாட்?" என்றேன். "115 சார். அதான் அடாப்டரு 230 வாட்டு, செங்கல்லு மாதிரி கீது" என்று பெட்டியைத் தட்டிக் காட்டினான். ஸ்டுட்கார்ட் கடைகளில் இதைக் கேட்டால் விலைச்சீட்டில் இருப்பதையே எனக்குத் திரும்பப் படித்துக் காட்டுவார்கள். சரி, நம் ஊர் எங்கேயோ போய்விட்டது என்று பூரித்துப்போனேன். செங்கல்லைப் பற்றிச் சொன்னவன் அதன் வாலைப் பற்றிச் சொல்லவில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். அடாப்டர் 230 வாட். நம் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட். வகுத்தால் ஒரு ஆம்பியர். அடாப்டர் சூட்டில் வீணாவதையும் சேர்த்தால் ஒன்றேகால் என்று வையுங்கள். சின்ன பின் 6 ஆம்பியர் தாங்கும், அதாவது 1,380 வாட். அம்மாவின் இஸ்திரிப் பெட்டி 1,000 வாட், அதற்குச் சின்ன பின். மிக்ஸி 750 வாட், அதற்கும் சின்ன பின். இஸ்திரிப் பெட்டியில் மூன்றில் ஒரு பங்குகூட இழுக்காத லேப்டாப்புக்கு ஏசி பின்! இதை அன்றிரவு சாப்பாட்டில், மறுநாள் காலை காபியில், பிறகு வந்த மூன்று விருந்தாளிகளிடம், எல்லாம் விளக்கிவிட்டேன். அக்கா வீட்டுக்காரர் மட்டும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீ அங்க போயி ரொம்பக் கணக்குப் பாக்குற" என்றார்.

அங்கே எல்லாச் சுவரிலும் ஒரே வட்ட ஓட்டைதான், எல்லாம் 16 ஆம்பியர். வாஷிங் மெஷினும் அதில்தான், போன் சார்ஜரும் அதில்தான். ஐந்து, பதினைந்து என்ற இந்த இரண்டு அளவு வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. அவன் தன் ஊரில் 1947-லேயே சதுர பின்னுக்குத் தரம் எழுதிக்கொண்டான். நாம் 6, 16 என்று எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டு அந்த உருண்டை பின்னையே வைத்திருக்கிறோம்.

பெங்களூரிலிருக்கும் ஒரு எலெக்ட்ரிகல் நண்பனைக் கேட்டேன். அடாப்டர் பக்கம் செருகும் முனை 10 ஆம்பியர் ரகம், இங்கே 6-க்கு அடுத்தது 16 தான், அதனால் இருக்கலாம் என்றான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அந்த முனையை அப்போதே ஒழுங்காகப் பார்த்திருந்தால் எனக்கு ஐந்து நாள் மிச்சமாகியிருக்கும்.

கம்பெனியின் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். இருபது நிமிஷம் பாட்டு. பிறகு வந்த பெண் அழகான தமிழில், "உங்க வீட்ல 16 ஆம்பியர் பாயிண்ட் போட்டுக்கோங்க சார்" என்றார். விடுதியில்? "அவங்களையும் போடச் சொல்லுங்க சார்." விடுதி அறையில் மேஜைக்கு மேல் இரண்டே பாயிண்ட், இரண்டும் சின்னது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுவரக் கூடாதென்று அட்மிஷன் தாளிலேயே அச்சடித்திருக்கிறார்கள். சார்ஜர் இல்லாமல் பேட்டரியில் ஓட்டலாமே என்றால், இந்த ரக லேப்டாப்புகள் பேட்டரிக்கு மாறியதும் கிராபிக்ஸ் சிப்புக்குப் போகும் வாட்டைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும். 115 வாட்டைத் தேடி வாங்கியதற்கு அர்த்தமே இல்லை.

தெருமுனைக் கடையில் ஒரு கன்வெர்ஷன் பிளக் கிடைத்தது. பெரிய பின்னை அதில் செருகி, அதைச் சின்ன ஓட்டையில் செருக வேண்டும். ஹாலில் மாட்டினோம். தடித்த வயரின் கனத்தில் அந்தக் கட்டை மெதுவாகத் தலை குனிந்து, பத்து நிமிஷத்தில் பாதி வெளியே வந்து நின்றது. "சர்ர்" என்று ஒரு சத்தம். தொட்டால் சூடு. பையன் ஒரு கையால் மவுஸைப் பிடித்துக்கொண்டு இடது காலை நீட்டிக் கட்டைவிரலால் பிளக்கை முட்டுக்கொடுத்துக்கொண்டு ஆடினான். அக்கா பார்த்துவிட்டு மெயினையே அணைத்துவிட்டாள்.

திரும்பவும் ஃபிரிட்ஜ் பக்கம். மறுநாள் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. நான் கவலைப்படவில்லை, வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. ஆனால் இன்வெர்ட்டர் லைன் பெரிய பின் மாட்டும் பவர் பாயிண்டுக்குப் போகாது என்பதைப் பதினான்கு வருஷத்தில் மறந்துவிட்டேன். ஃபேன் ஓடுகிறது, டிவி ஓடுகிறது, 90 ஜிபி கேம் ஒன்று முக்கால்வாசி இறங்கிய நிலையில் பேட்டரியும் தீர்ந்து லேப்டாப் படுத்துவிட்டது.

அம்மாவுக்கு இருபது வருஷமாகப் பழக்கமான எலெக்ட்ரீஷியன் ஒருவர் உண்டு. வந்து பார்த்தார். மெயினிலிருந்து தனி வயர் இழுத்து ஹாலில் பவர் பாக்ஸ் போட இரண்டாயிரத்து ஐநூறு, வியாழக்கிழமை வருகிறேன் என்றார். வியாழனன்று போன் எடுக்கவில்லை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துக்கொண்டு திருத்தணிக்குப் போயிருக்கிறார் என்று அவர் மனைவி சொன்னார். இது ஸ்டுட்கார்ட்டாக இருந்தால்... இல்லை, அதைச் சொல்லக் கூடாது. அங்கே எலெக்ட்ரீஷியனுக்கு நாள் குறித்தால் இரண்டு மாதம் கழித்துத்தான் கிடைக்கும், அப்போது நான் ஊரிலேயே இருக்க மாட்டேன்.

கல்லூரி திறக்க மூன்று நாள். பின்னையே வெட்டிவிட்டுச் சின்ன பின் மாட்டிவிடலாம் என்ற முடிவோடு, வயரையும் அடாப்டரையும் ஒரு துணிப்பையில் போட்டு லாங் பஜாருக்குப் போனேன். பெரிய கடைகளில் இரண்டு பேர் "வாரண்டி போயிடும் சார்" என்று தொடவே மாட்டேன் என்றார்கள். ஒரு சந்தில், சைக்கிள் நிறுத்தக்கூட இடமில்லாத கடை. கயிற்றில் ஹோல்டர்களும் பழைய ஃபேன் ரெகுலேட்டர்களும் தொங்கின. பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வயரை வாங்கினார். பின்னை அவர் பார்க்கவே இல்லை. அடாப்டரில் செருகியிருந்த மறுமுனையை உருவி, மூன்று ஓட்டைகளையும் ஒருமுறை பார்த்தார்.

"இன்னா சார், இத்தப் போயி வெட்ட வந்துகீறீங்க? இது கம்ப்யூட்டர் வயரு."

எனக்கு உடனே புரியவில்லை. அவர் பின்னாலிருந்த ஆணியிலிருந்து ஒரு கறுப்பு வயரை எடுத்தார். சிபியுவுக்கும் மானிட்டருக்கும் மாட்டுவோமே, அதேதான். ஒரு பக்கம் அதே மூன்று ஓட்டை, மறுபக்கம் சின்ன பின். உடனே கொடுத்துவிடவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வயரை உருட்டிப் பார்த்தார். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கும் இடத்தை நகத்தால் தேய்த்துக் காட்டினார். "மூணு கோரு கீதான்னு பாத்துதான் வாங்கணும் சார். எர்த்து இல்லாத வயரு ரோட்ல நூறு ரூபாய்க்கு ரெண்டு குடுக்கிறான். அத்த மாட்டினா லேப்டாப்பு மேல கை வெச்சா சுருசுருன்னு இழுக்கும்." டெஸ்ட் லாம்ப்பில் வைத்துப் பார்த்து, செங்கல்லில் செருகி, செருகியதை இழுத்துப் பார்த்தார். நூற்றைம்பது ரூபாய். பில் கேட்டேன், சிரித்தார். "ஓடலன்னா எடுத்துகினு வாங்க, நான் இங்கதான் கீறேன்." ஜெர்மனியில் இணையத்தில் வாங்கியதைப் பதினான்கு நாளுக்குள் திருப்பலாம், அதற்கு ஒரு படிவம், ஒரு பார்சல் சீட்டு. இவர் நாள் கணக்கே சொல்லவில்லை.

(ஒரே முனை, ஒரே வாட். டெஸ்க்டாப் வயருக்குச் சின்ன பின் போதும் என்றால் லேப்டாப் வயருக்கு மட்டும் ஏன் பெரியது? பெங்களூர் நண்பனிடம் மறுபடி கேட்டேன். மெசேஜைப் பார்த்துவிட்டான், பதில் வரவில்லை.)

வீட்டுக்கு வந்து ஹாலில் மாட்டினேன். எரிந்தது. ஆடாமல் நின்றது. பையன் காலை மடக்கி உட்கார்ந்து ஆடினான். நான் ஏதோ சந்திரயான் இறக்கியவன் மாதிரி ஹாலில் நின்றுகொண்டிருந்தேன். அம்மா கிட்டே வந்து வயரைத் தூக்கிப் பார்த்தார்.

"இதுக்கா அஞ்சு நாளா அலைஞ்ச?"

உள்ளே போய் பீரோவுக்கு மேலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்து வந்தார். பழைய ரேடியோ வயர், ஓடாத டேபிள் ஃபேனின் வயர், இன்னது என்று தெரியாத நான்கைந்து சுருள்கள், எல்லாம் ரப்பர் பேண்ட் போட்டு. அதில் ஒன்று என் 2003 கம்ப்யூட்டரின் வயர். சிபியுவைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டபோது வயரை மட்டும் எடுத்து வைத்திருக்கிறார். மாட்டிப் பார்த்தோம், அதுவும் எரிந்தது.

பெரிய பின் வயர் இப்போது அந்த மஞ்சள் பைக்குள் போய்விட்டது. 2003 வயர் விடுதியில் இருக்கிறது. பக்கத்து அறைப் பையன் வாங்கிய லேப்டாப்புக்கும் இதே கதையாம், மருமகன் அதை அவனுக்குக் கொடுத்திருக்கிறான். பொங்கலுக்கு வரும்போது மறக்காமல் வாங்கி வந்துவிட வேண்டும் என்று அம்மா போனில் இரண்டு முறை சொல்லிவிட்டார்.