எஷரா, சைட்டோஸ்கேப்பா? எதை ஒப்பிடப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது

கிண்டி, தரமணிப் பக்கம் உயிர்த்தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்கள் ஆய்வேட்டுக் காலத்தில் தவறாமல் கேட்கிறார்கள்: வளர்சிதைமாற்ற வலையமைப்பை, அதாவது செல்லுக்குள் நடக்கும் வேதிவினைகளின் பின்னலை, படமாகப் பார்த்து ஒப்பிட எந்த மென்பொருள் நல்லது? ஒரே மாதிரியை (ஓர் உயிரியின் வினைகளைக் கணினியில் தொகுத்த மாடல்) இரண்டு சூழல்களில் பார்க்கிறீர்களா, இரண்டு வெவ்வேறு மாதிரிகளையா? முதலில் அதைத் தீர்மானியுங்கள்.

மாதிரி ஒன்றுதான் என்றால் தயங்காமல் எஷர். சான் டியேகோவிலிருந்து 2015-இல் வந்தது. பிரவுசரிலேயே ஓடும், பழைய மடிக்கணினி போதும். ஈ.கோலி பாக்டீரியாவின் சிறிய மைய மாதிரியில் 95 வினைகள்தான். ஆக்சிஜன் இருக்கும்போதும் இல்லாதபோதும் கிடைக்கும் பாய்வுகளை (ஒவ்வொரு வினையும் நடக்கும் வேகம்) இரண்டு பத்திகளாக ஏற்றினால், வேறுபாட்டை அம்புகளின் நிறமும் தடிமனும் காட்டிவிடும். அசிட்டேட், ஃபார்மேட், எத்தனால் வெளியேறும் வழிகள் உடனே கண்ணில் படும். பாடப்புத்தகத்தில் படித்த நொதித்தல் அப்படியே திரையில் தெரியும்.

ஆனால் எஷரின் வரைபடம் மனிதர் கையால் அடுக்கியது. அதில் இல்லாத வினை உங்கள் கண்ணுக்கும் இல்லை. ஈ.கோலியின் முழு மாதிரியான ஐஎம்எல்1515-இல் 2,719 வினைகள். முக்கியமான மாற்றம் வரைபடத்துக்கு வெளியே நடந்தால் எஷர் வாய் திறக்காது.

முழு வலையமைப்புக்கும், இரண்டு வெவ்வேறு மாதிரிகளுக்கும் சைட்டோஸ்கேப்தான். திறந்தவுடன் மிரளாதீர்கள்: நீர், புரோட்டான், ஏடிபி மூன்றும் ஏராளமான வினைகளில் நுழைந்து, படத்தைச் சிக்கெடுக்காத நூல்கண்டாக்கிவிடும். அவற்றை முதலில் நீக்குங்கள். பிறகு இரண்டு வலையமைப்புகளை இணைக்கும் வசதியில் ஒன்றிப்பு, வெட்டு, வேறுபாடு என்று மூன்றும் உண்டு. எஷரில் இதற்கு இணையான வசதி கிடையாது.

உண்மையான வேலை பெயர்களில் இருக்கிறது. குளுக்கோஸ் கெக் தரவுத்தளத்தில் சி00031, மாதிரிகளைத் தானாகக் கட்டித் தரும் மாடல்சீடில் சிபிடி00027, பிக் தரவுத்தளத்தில் வேறொரு சுருக்கம். இவற்றை, பெயர்களைப் பொருத்தித் தரும் மெட்டாநெட்எக்ஸ் வழியாக ஒன்றாக்காமல் இணைத்தால், ஒரே சர்க்கரை இரண்டு புள்ளிகளாக நிற்கும். உயிரிகள் வேறுபடுவதாக நீங்களும் எழுதிவிடுவீர்கள். மெமோட் கருவி படம் வரையாது. ஆனால் மாதிரிகளின் தரத்தைப் அருகருகே வைத்து அறிக்கை தரும். அதைப் பார்க்காமல் படத்தை நம்புவது எனக்கு ஏற்புடையதல்ல.

முதல் பார்வைக்கு மட்டும் ஃப்ளக்ஸர் என்ற இணையக் கருவி: கோப்பை ஏற்றினால் பாய்வுப் படத்தைத் தானே வரையும்.

ஈ.கோலியின் பழைய முழு மாதிரியான ஐஜேஓ1366-ஐ ஐஎம்எல்1515-உடன் ஒப்பிடுகிறவர்களுக்குப் பாதை எளிது. இரண்டுமே பிக் பெயர்களில் இருப்பதால் நேராகச் சைட்டோஸ்கேப்புக்குப் போகலாம். மாடல்சீடில் தானே உருவாக்கிய மண் பாக்டீரியா மாதிரியை வைத்திருப்பவர், படத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பெயர்ப் பட்டியலில் தொடங்கட்டும்.