குழலில் ஓர் ஓட்டை: கெவேர் 41-ஆ, கெவேர் 43-ஆ?

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கெவேர் 43தான். இரண்டும் இரண்டாம் உலகப்போர் கால ஜெர்மானிய அரைத்தானியங்கி ரைஃபிள்கள், தோட்டாவும் ஒன்றே (7.92×57), கொள்ளளவும் அதே 10. சுடும்போது எழும் வாயுதான் போல்ட்டை (காலித் தோட்டாவை வெளியே தள்ளி அடுத்ததை ஏற்றும் பாகம்) தள்ளுகிறது. அந்த வாயுவை எங்கே பிடிக்கிறார்கள் என்பதில்தான் விவகாரமே.

1940-ல் ஜெர்மன் ராணுவம் மூன்று நிபந்தனைகள் போட்டது. குழலில் ஓட்டை கூடாது. சுடும்போது மேற்புறத்தில் எந்தப் பாகமும் அசையக் கூடாது. தானியங்கி அமைப்பு மக்கர் செய்தால் கையால் போல்ட்டை இழுத்துச் சுட முடிய வேண்டும். மௌசர், வால்தர் என்ற இரு துப்பாக்கி நிறுவனங்களில் மௌசர் மூன்றுக்கும் தலையாட்டியது. அதன் 41(எம்) சில ஆயிரங்களோடு நின்றுபோனது. வால்தர் கடைசி இரண்டைக் கண்டுகொள்ளாமல் 41(டபிள்யூ)-வைச் செய்தது. முதல் நிபந்தனையில் மட்டும் இருவருமே மாட்டிக்கொண்டார்கள்.

ஓட்டை இல்லையென்றால், குண்டு குழலின் வாயைத் தாண்டிய பிறகுதான் வாயுவைப் பிடிக்க முடியும். அதற்கு டென்மார்க்கின் துப்பாக்கி வடிவமைப்பாளர் பாங் வகுத்த வழிமுறையை எடுத்துக்கொண்டார்கள். வால்தரில் முனையிலுள்ள கூம்பில் வாயு மோதித் திரும்பி, குழலைச் சுற்றி நிற்கும் வளையப் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும். பிஸ்டன் ஒரு நீண்ட தண்டைத் தள்ளும், தண்டு போல்ட்டைத் திறக்கும். காகிதத்தில் அழகுதான். ஆனால் கரியும் ப்ரைமரின் (தோட்டாவைப் பற்றவைக்கும் மருந்து) உப்பும் நேராக அந்த வளையத்தில்தான் வந்து படியும். ஈரம் பட்டால் துரு. வளையம் இறுகினால் போல்ட் பாதி தூரம் வந்து நிற்கும், காலித் தோட்டா வெளியே விழாது. துடைக்கலாம் என்றால் முனையில் பொடிப்பொடியாகப் பல பாகங்கள். ரஷ்யப் பனியில், பதுங்குகுழியில் அவற்றைக் கழற்றி மாட்டுவது யாரால் ஆகும்? போதாததற்கு முன்கனம் வேறு. மொத்த எடை 5 கிலோவை நெருங்கும். (அமெரிக்காவின் காரண்ட் ரைஃபிளும் முதலில் முனையில்தான் வாயுவைப் பிடித்தது, பிறகு ஓட்டைக்கு மாறிவிட்டது.)

1941-ல் சோவியத்தின் எஸ்.வி.டி-40 ரைஃபிள் கைக்குக் கிடைத்ததும் வால்தருக்கு வழி தெரிந்தது. அதைப் பார்த்துச் செய்ததுதான் கெவேர் 43: குழலின் மேற்புறத்தில் ஒரு ஓட்டை, அதன்மேல் குட்டையாக ஓடும் கிண்ணப் பிஸ்டன். இரு பக்கமும் விரிந்து பூட்டும் மடல் கொண்ட போல்ட் பழையதேதான். கெவேர் 43-ல் மேல் மரக்கவசத்தை எடுத்து, தண்டைப் பின்னுக்குத் தள்ளிப் பிடித்தால் பிஸ்டன் கையோடு வந்துவிடும். துணியால் ஒரு துடை, வேலை முடிந்தது. மேகசின் (தோட்டாப் பெட்டி) கழலும், மாற்று மேகசின் இல்லாவிட்டால் சாதாரண மௌசர் ரைஃபிளின் 5 தோட்டா கிளிப் இரண்டை மேலிருந்தே அழுத்தலாம்.

குறையில்லாமல் இல்லை. எஸ்.வி.டி-யில் வாயுவின் அளவைக் கூட்டிக் குறைக்க ஐந்து நிலைகள் உண்டு. 43-ல் அந்த வசதி கிடையாது, வருகிற வாயுவெல்லாம் போல்ட்டை ஓங்கி அடிக்கும். சுருள்வில் தளர்ந்திருந்தால் அடி உடற்பகுதியின் பின்புறத்தில் இறங்கும். போர் முற்றியபின் வந்தவற்றில் மேல்வேலைப்பாடும் கரடுமுரடு. அதனால் 43 எல்லாம் ஒரே தரம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். 1944-ல் கராபினர் 43 என்று பெயர் மாறியது, பெயர்தான் மாறியது.

அப்படியானால் எஸ்.வி.டி-யே போதாதா? எடை 4 கிலோவுக்கும் குறைவு, சந்தேகமில்லை. ஆனால் அதன் தோட்டாவுக்கு விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். மேகசினில் ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் பின்னால் மாட்டாதபடி பார்த்து அடுக்க வேண்டும். பிடிபட்ட எஸ்.வி.டி-களை ஜெர்மானியரும் ஆசையாகத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். தோட்டாவும் பிடிபட்டால்தான் உண்டு.