எங்கள் தெருமுனை மாவுக் கடை: வாடிக்கையாளனாகவும், தொழில் தொடங்க எண்ணுபவனாகவும்

மடிப்பாக்கத்தில் எங்கள் தெருமுனையில் உள்ள இட்லி மாவுக் கடையில் ஏறத்தாழ ஓராண்டாக மாவு வாங்கி வருகிறேன். எனக்கும் சிறுதொழில் தொடங்கும் எண்ணம் இருப்பதால், மாவின் தரத்தோடு, இந்த இடத்தில் இது விற்கும் என்பதைக் கடைக்காரர் எப்படிக் கண்டுகொண்டார் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

மாவு நன்றாக இருக்கிறது. புழுங்கல் அரிசி நான்கு பங்கு, உளுந்து ஒரு பங்கு, சிறிது வெந்தயம் என்ற வீட்டுக் கணக்கில்தான் அரைக்கிறார்கள். சோடா உப்பு சேர்ப்பதில்லை. முதல் நாள் இட்லி மெத்தென்று வருகிறது, இரண்டாம் நாள் தோசை முறுகலாக வருகிறது, மூன்றாம் நாள் மிஞ்சுவது பணியாரத்துக்குத்தான். குறை என்றால், பாக்கெட்டின் மேல் அரைத்த தேதியும் நேரமும் இல்லை. கோடையில் வாங்கி வந்த இரண்டு மணி நேரத்திலேயே பை உப்பிவிடும்போது, அது இன்று காலை மாவா நேற்றைய மாவா என்ற ஐயம் எழுகிறது.

கடைக்காரர் முன்பு மளிகைக் கடைகளுக்குச் சரக்கு போடும் வேலையில் இருந்தவர். வாங்கிய மாவு புளித்துவிட்டது என்று சண்டை போட்டவர்களே மறுநாளும் வந்து மாவு வாங்கிப் போனதை அங்கேதான் கவனித்தாராம். பெங்களூரில் 2005-இல் தொடங்கப்பட்ட, பாக்கெட்டில் இட்லி, தோசை மாவு விற்கும் ஐடி ஃபிரெஷ் நிறுவனத்தின் கதையும் இதைப் போன்றதுதான்: ரப்பர் பேண்ட் போட்டுப் பிளாஸ்டிக் பையில் விற்ற மாவைப் பற்றி மளிகைக் கடைக்கு வந்தவர்கள் குறை சொன்னதிலிருந்தே யோசனை பிறந்ததாக அதன் நிறுவனர்களில் ஒருவரான பி.சி. முஸ்தபா பேட்டிகளில் கூறியிருக்கிறார். 50 சதுர அடி இடத்தில் தொடங்கிய அவர்களுக்கே, நாளொன்றுக்கு 100 பாக்கெட் விற்க ஒன்பது மாதம் ஆயிற்று.

நம் கடைக்காரர் எடுத்த எடுப்பில் கடை பிடிக்கவில்லை. வீட்டுக் கிரைண்டரில் அரைத்து, மூன்று மளிகைக் கடைகளில் இரண்டு மாதம் வைத்துப் பார்த்து, எத்தனை விற்றன என்பதைவிட எத்தனை திரும்பி வந்தன என்பதையே நோட்டில் குறித்து வைத்தாராம். ஒரு கிலோ பாக்கெட்டுகள் அதிகம் திரும்பின. அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு அரைக் கிலோவே போதும் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அதன் பிறகே பெரிய கிரைண்டர், வாடகை எல்லாம். மாவு புளிப்பது எல்லாருக்கும் தொல்லையாகத் தெரிகிறது. என் கணக்கில் அதுவே அவருக்கு அரண், ஏனென்றால் தொலைவிலிருந்து வரும் எந்தப் பாக்கெட்டும் பக்கத்தில் காலையில் அரைத்த மாவோடு போட்டியிட முடியாது.

அவர் கடை வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்து அடுத்த தெருவில் இன்னும் இரண்டு மாவுக் கடைகள் முளைத்தன. அவற்றுள் ஒன்று மூடப்பட்டுவிட்டது. அங்கும் மாவு மோசமில்லை; ஆனால் அந்தத் தெருவில் பெரும்பாலும் சொந்த வீட்டுக் குடும்பங்கள், வீட்டுக்கு வீடு கிரைண்டர் உண்டு. கூட்டத்தைப் பார்த்தவர், அது யாருடைய கூட்டம் என்று பார்க்கவில்லை போலும்.

மாலை ஐந்து மணி முதல் ஒன்பது மணி வரை கடை திறந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலையிலும் உண்டு, ஆனால் ஏழரைக்கு மேல் போனால் அரைக் கிலோ பாக்கெட் கிடைப்பதில்லை.