ரோடா, குளமா, கடலா: ஒரு குமரிக் கணக்கு

ஆவணி பிறந்தால் எங்கள் நாலு பேருக்குள் வாக்குவாதம் தொடங்கிவிடும். இந்த வருஷம் எதில் பெயர் கொடுப்பது? பேங்க்காரன் ஓட்டம் என்பான். கொளச்சல்காரன் கடல் நீச்சல் என்பான். நான் குளத்துக் கட்சி. டீச்சர் வாயைத் திறக்க மாட்டார், ஆனால் அவரை விட்டுவிட்டுப் போனால் ஒரு மாதம் பேச மாட்டார். எல்லோரும் நாற்பதை ஒட்டியவர்கள், இப்போது நாகர்கோவில்வாசிகள். முதலமைச்சர் கோப்பையின் பொதுப்பிரிவு 35 வயதோடு கதவைச் சாத்திவிடுகிறது. ஆகவே மேடை ஏறி மெடல் வாங்குகிற கவலை எங்களுக்குக் கிடையாது. போட்டி முடிந்ததும் எந்தக் கடையில் ரசவடை சூடாக இருக்கும் என்பதுதான் கவலை.

மூன்றிலும் இறங்கிப் பார்த்தாயிற்று. எது நல்லது என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் கூட்டத்தில் கடைசியாக வருவது யார்? எங்கள் கூட்டத்தில் அது பேங்க்காரன். எடை 92 கிலோ. அவனை வைத்துத்தான் மற்றதெல்லாம்.

பெயர் கொடுக்கச் சுலபம் ஓட்டம்தான். அண்ணா பெயரில் மாவட்டந்தோறும் அரசு நடத்துகிற நெடுந்தூர ஓட்டத்தில் 25 வயதைத் தாண்டிய ஆண்களுக்கு 10 கிலோமீட்டர், பெண்களுக்கு 5. அது போக ரத்ததானம், போதை ஒழிப்பு, கல்லூரி ஆண்டுவிழா என்று ஏதாவது ஒரு காரணத்துக்காக ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் யாராவது நம்மை ஓடச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஒரு பனியன், ஒரு பழம், ஒரு தகர மெடல். பழம் மட்டிப் பழமாக இருந்தால் அது நல்ல போட்டி என்பது என் அளவுகோல்.

பயிற்சிக்கும் நமக்குப் பஞ்சமில்லை. தேரூர், சுசீந்திரம் பக்கம் குளத்தங்கரையோரச் சாலைகள் மேடு பள்ளம் இல்லாதவை. மார்கழியில் போனால் வெளியூர்ப் பறவைகள் வேறு துணைக்கு வரும். உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022இல் ஏறிய இடம் அது. நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர். அரை மாரத்தானோ 21.1. கடலைப் பார்த்த பிறகும் ஒரு கிலோமீட்டர் பாக்கி இருக்கும், அதுதான் உயிரை எடுக்கும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிப் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். காற்றாலைக்காரர்கள் அந்தக் கணவாயைச் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. எதிர்க்காற்றில் நாங்கள் ஓடியதை நடந்து போன ஒரு ஆடு முந்தியது.

முதல் 10 கிலோமீட்டரில் நடந்ததைச் சொல்கிறேன். ஏழாவது கிலோமீட்டரில் பேங்க்காரன் ஒரு சின்னப் பாலத்தின் திண்டில் உட்கார்ந்துவிட்டான். ஷூவைக் கழற்றி, சாக்ஸை உருவி, பெருவிரலைப் பார்த்துக்கொண்டே, "நீங்க போங்க மக்கா, நான் ஆட்டோ பிடிச்சு வாறேன்" என்றான். நகம் கறுத்திருந்தது. நாங்களும் உட்கார்ந்தோம். எதிரே டீக்கடைக்காரர் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, பாதியை அவன் தலையில் ஊற்றி, மீதியைக் குடிக்கக் கொடுத்தார். பத்து நிமிஷம் கழித்து எழுந்தான். ஒரு மணி 31 நிமிஷத்தில் முடித்தோம். பின்னால் ஆம்புலன்ஸ் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது.

ஓட்டத்தில் பிடித்தது அந்தத் திண்டுதான். முடியவில்லையா, நிற்கலாம். உட்காரலாம். கூட வந்தவனும் உட்காரலாம். ஆனால் முழங்கால் இதற்கு ஒத்துக்கொள்ள வேண்டுமே. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு, மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. 92 கிலோவுக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். நல்ல ஷூ இல்லாமல் அவன் ஓடக்கூடாது, அதற்கு நாலாயிரம் ரூபாயாவது எடுத்து வைக்க வேண்டும். நீச்சலுக்கு ஒரு கண்ணாடி போதும்.

சரி, குளம்.

பொங்கலுக்கு ஊர் மன்றங்கள் சைக்கிள் ஸ்லோ ரேஸ், சாக்கு ஓட்டம், வழுக்குமரம் என்று நடத்தும் வரிசையில் சில ஊர்களில் குளம் நீந்துவதும் உண்டு. சட்டம் ஒன்றே ஒன்று: இந்தக் கரையில் இருந்து அந்தக் கரை. ரெஃபரி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு விசில் ஊதுவார். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து குளம் நிறைந்திருக்கிற தை மாதம் இதற்குத் தோதான காலம். சித்திரையில் அதே குளத்தில் எருமைகூட முழங்கால் அளவுதான் நனையும்.

சிறுவயதில் நாள்முழுக்கக் குளத்தில் கிடந்தவர்கள்தானே, நமக்கென்ன என்று நினைத்துத்தான் குதித்தேன். முதல் ஐம்பது மீட்டர் நன்றாகத்தான் போனது. நீச்சல் தொட்டியில் அடியில் ஒரு கறுப்புக் கோடு இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு போகலாம். குளத்தில் கண்ணைத் திறந்தால் தேயிலைத் தண்ணீர். எதிர்க்கரையில் ஒரு தென்னையைக் குறி வைத்திருந்தேன், கரையெல்லாம் தென்னை. தாமரைக் கூட்டத்துக்குள் வேறு புகுந்துவிட்டேன். தாமரைத் தண்டில் சின்னச் சின்ன முள் உண்டு என்பது பூவை மட்டும் வாங்குகிறவர்களுக்குத் தெரியாது. தொடையில் கீறிய இடமெல்லாம் மறுநாள் வரை எரிந்தது. தலையைத் தூக்கினால் எதிரே துவைக்கல். சோப்புக் கையோடு ஒரு அக்கா, "எங்க போற மக்களே, கர அங்கயாக்கும்" என்று வலது பக்கம் கை காட்டினார். பதினோரு பேரில் ஒன்பதாவது. பத்தாவது வந்தவருக்கு அறுபத்திரண்டு வயது, பதினோராவது வந்தவர் பாதியில் ரப்பர் டியூப் கேட்டு வாங்கியவர்.

அந்த டியூப்தான் குளத்தின் திண்டு. கரை எப்போதும் கண்ணில் படுகிறது, ஓரத்தில் நாலைந்து பையன்கள் டியூபோடு மிதந்துகொண்டிருப்பார்கள், எவனாவது தடுமாறினால் ஒரு நிமிஷத்தில் ஆள் வந்துவிடும். ஆனால் நண்பன் பக்கத்தில் நிற்க முடியாது. நீந்துகிறவன் தன் மூச்சையே எண்ணிக்கொண்டிருக்கிறான், அடுத்தவனைத் திரும்பிப் பார்க்க அவனுக்குத் தெம்பு இருக்காது. ஏழாவது கிலோமீட்டரில் நாங்கள் பேங்க்காரனோடு உட்கார்ந்தது போல் குளத்தின் நடுவில் யாரும் உட்கார்ந்துவிட முடியாது.

டீச்சர் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். எங்கள் நாலு பேரில் நீச்சல் நன்றாகத் தெரிந்தவர் அவர்தான். தலை நனையாமல், பேசிக்கொண்டே, ஒரு மணி நேரம் நீந்துவார். அன்று எங்கள் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் நின்றார். பெண்களுக்கென்று பிரிவு இல்லை, கேட்டதற்கு, "யாரும் வரமாட்டாவ டீச்சர்" என்று பதில் வந்தது. கரை முழுக்க ஆண்கள் உட்கார்ந்திருக்க, நனைந்த சுடிதாரோடு ஏறி வருவதை யார்தான் விரும்புவார்கள்? ஓட்டத்தில் அவருக்கு 5 கிலோமீட்டர் என்று தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் குளத்துக் கட்சியில் இருந்து பாதி விலகிவிட்டேன்.

பயப்பட வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. 2024, 2025இல் பக்கத்துக் கேரளத்தில் மூளையைத் தின்னும் அமீபா என்று செய்தி அடிபட்டது நினைவிருக்கும். நெக்லேரியா ஃபவுலெரி என்கிற அது வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் வாழும், மூக்கு வழியாக ஏறும். குடித்தால் ஒன்றும் செய்யாது. அபூர்வம்தான், ஆனால் வந்தால் பிழைப்பது அதைவிட அபூர்வம். வெயில் காலத்தில் கலங்கிக் கிடக்கிற குளத்தில் முங்காதீர்கள், மூக்குக்கு ஒரு கிளிப் வாங்கிக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீரில் அந்தச் சங்கடம் இல்லை என்று கொளச்சல்காரன் உடனே கடலுக்கு ஓட்டுக் கேட்பான்.

அவன் சொல்வதில் நியாயம் உண்டு. கடல் நீர் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு கொண்டது, உடம்பைத் தூக்கிப் பிடிக்கும். குளத்தில் கல்லாக இறங்குகிற பேங்க்காரன் சொத்தவிளைக் கடற்கரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "லேய், இது நம்ம எடம்லே" என்று கத்தினான். முழங்கால் வலி இல்லை, மூச்சிரைப்பு இல்லை, திமிங்கிலம் போல் மிதந்தான். ஆனால் மிதப்பது வேறு, போட்டி வேறு. பங்குத் திருவிழாவை ஒட்டி நடந்த ஒரு கடல் நீச்சலில் கொளச்சல்காரனோடு நானும் இறங்கினேன். ஃபைபர் வள்ளத்தில் உள்ளே கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள், கரைக்கு நீந்தி வர வேண்டும். வள்ளத்தில் இருந்து பார்க்கும்போது கோவில் கோபுரம் கையெட்டும் தூரத்தில் இருந்தது. தண்ணீருக்குள் இறங்கியதும் அலைதான் தெரிந்தது. அலை தூக்கும்போது கோபுரம், இறக்கும்போது தண்ணீர்ச் சுவர். பத்துக் கை போட்டதும் ஒரு தடவை தலை தூக்கிப் பார்க்காவிட்டால் பக்கத்து ஊரில் கரையேறுவோம். கழுத்தில் சொறி, அதாவது ஜெல்லி மீன், பட்டு மூன்று நாள் தடித்துக் கிடந்தது தனிக்கதை.

கடலில் நம் கையில் எதுவும் இல்லை என்பதை எனக்குச் சொல்லித் தந்தவர் ஒரு பாட்டா, எங்கள் ஊர்ப் பேச்சில் தாத்தா. வைகாசிக் காலை, கடல் எண்ணெய் ஊற்றியது போல் கிடந்தது. பயிற்சிக்குப் போயிருந்தோம். அலையைத் தடுக்கக் கல் கொட்டிய தூண்டில் வளைவுப் பக்கம் வலை பிரித்துக்கொண்டிருந்தவர் தலையைக்கூடத் தூக்காமல், "இண்ணைக்கு எறங்காண்டாம் மக்களே, நீவாடு சரியில்ல" என்றார். நீவாடு என்றால் நீரோட்டம். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. சொன்னதற்காகச் சும்மா உட்கார்ந்திருந்தோம். அரை மணி நேரத்தில் நாங்கள் மேட்டில் வைத்திருந்த பையை அலை வந்து நனைத்துவிட்டுப் போனது. காற்று இல்லை, மழை இல்லை. தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் அடித்த புயலின் அலை சத்தம் காட்டாமல் இங்கே வந்து ஏறும், அதனால்தான் அதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டு போனது அப்படிப்பட்ட ஒரு நாளில்தான். கடல் தகவல் மையமான இன்காய்ஸ் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கிறது. அதைப் பாருங்கள், பிறகு கரையில் இருக்கிற பாட்டாவையும் கேளுங்கள். இரண்டு பேரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் வீட்டுக்குப் போய்விடுங்கள். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகே மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் கிடக்கும், அந்த இரண்டு மாதத்தில் நமக்கு அங்கே என்ன வேலை? தப்பித்தவறி இழுவையில் மாட்டினால் கரையைப் பார்த்து மல்லுக்கட்டாமல் கரைக்கு இணையாக நீந்தி, இழுப்பு விட்ட இடத்தில் திரும்புங்கள்.

வெளியூர் நண்பர்கள் தவறாமல் கேட்கிற ஒன்று: விவேகானந்தர் பாறைக்கு நீந்திப் போகலாமா? 1892 டிசம்பரில் அவர் போனார் என்பதும், தூரம் சுமார் அரைக் கிலோமீட்டர்தான் என்பதும் சரி. போகக் கூடாது. படகில் போங்கள்.

இந்த மூன்றையும் சின்னதாக்கிவிடுகிற ஓட்டம் ஒன்று நம் மாவட்டத்தில் எத்தனையோ தலைமுறையாக நடக்கிறது. மகாசிவராத்திரிக்கு முன்சிறை திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை என்று 12 சிவன் கோவில்களைத் தொட்டுத் திருநட்டாலத்தில் முடிகிற சிவாலய ஓட்டம். நூறு கிலோமீட்டர் சொச்சம், கையில் விசிறி, வாயில் "கோவிந்தா, கோபாலா". நேரம் குறிப்பவர் இல்லை, மெடல் இல்லை. வழியெல்லாம் பானகமும் கஞ்சியும் கிடைக்கும். பேங்க்காரனும் நானும் ஒரு வருஷம் ஆசைப்பட்டுப் போய், ஐந்தாவது கோவிலான பொன்மனையில் வேனில் ஏறிக்கொண்டோம். அதே இடத்தில் எழுபது வயதுக்காரர் ஒருவர் காலைக் கழுவிக்கொண்டு ஆறாவதுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஆகவே அதைப் போட்டிகளோடு சேர்த்து நான் மார்க் போடுவதாக இல்லை.

இந்த வருஷத்துக்கு ஒருவழியாக ஒத்துக்கொண்டது இது. பேங்க்காரனும் நானும் 10 கிலோமீட்டர், டீச்சர் பெண்கள் 5. டீச்சர் எங்களுக்கு முன்னால் முடித்துவிட்டு, ஏழாவது கிலோமீட்டர் பாலத்துத் திண்டில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருப்பார். தையில் குளத்தில் நான் மட்டும். அதற்குள் பெண்கள் பிரிவு கேட்டு மன்றத்துக்கு ஒரு கடிதம் கொடுக்க வேண்டும், நாலு பெயராவது சேர்த்து. டீச்சர் மூன்று சேர்த்துவிட்டார்.

கடலில் கொளச்சல்காரன் மட்டும் இறங்குவான். நாங்கள் மூன்று பேரும் பாதுகாப்பு வள்ளத்தில் கூடவே போவதாக ஏற்பாடு. போன தடவை அப்படிப் போனபோது நீந்திய கொளச்சல்காரன் சிரித்துக்கொண்டே கரையேறினான். வள்ளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்த பேங்க்காரனைத்தான் மூன்று பேர் சேர்ந்து தூக்கி இறக்க வேண்டியிருந்தது.