பருவங்கள் தோறும் மணி ட்ரீ: வீட்டுக்குள் வளர்த்த அனுபவம்

கொடியாகப் படரும் மணி பிளான்ட் வேறு. நான் சொல்ல வருவது, பின்னல் போட்ட தண்டும் விரித்த உள்ளங்கை போன்ற இலைகளும் கொண்ட மணி ட்ரீ. பச்சிரா என்றும் சொல்வார்கள். சில வருடங்களாக வீட்டுக்குள்ளேயே வளர்த்து வருகிறேன். கோடை, மழை, குளிர் எல்லாவற்றையும் பலமுறை பார்த்துவிட்ட செடி. இதை வளர்ப்பது கஷ்டமே இல்லை. ஆனால் ‘வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றினால் போதும்’ என்று பலரும் சொல்வதை வருடம் முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்தால், ஒரு குளிர்காலத்தைத் தாண்டுவதே சிரமம்.

இதன் பூர்வீகம் மத்திய அமெரிக்காவும் தென் அமெரிக்காவின் வடபகுதியும். ஆற்றங்கரைகளிலும் சதுப்பு நிலங்களிலும் 18 மீட்டர் வரை ஓங்கி வளரும் மரம். 1775இல் ஓப்லே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் இதற்குப் பச்சிரா அக்வாட்டிக்கா என்று பெயர் வைத்தார். நம் இலவமரத்துக்கும் பருத்திக்கும் சொந்தக்காரச் செடி. சதுப்பு நிலத்து மரம்தானே, தண்ணீர் எவ்வளவு ஊற்றினால் என்ன என்று தோன்றும். அங்கே வெயிலும் வெப்பமும் தாராளம், இலைகள் வேகமாக நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்குள் வெளிச்சம் கம்மி, அதனால் தாகமும் கம்மி. தொட்டி மண்ணில் தேங்கிய ஈரத்தில் காற்றுக்கு இடமில்லாமல் போய், வேர் மூச்சுத் திணறி அழுகிவிடும். பருவம் மாற மாற மண் காயும் வேகமும் மாறுகிறது. பராமரிப்பில் முக்கால்வாசி அதைக் கவனிப்பதுதான்.

அதற்கு ஒரு மூங்கில் குச்சி போதும். தொட்டியின் ஓரமாக உள்ளே செருகி, சற்று நேரம் விட்டு உருவிப் பார்ப்பேன். ஈர மண் ஒட்டிக்கொண்டு வந்தால் அன்று தண்ணீர் கிடையாது. மேலே இரண்டு அங்குலம் நன்றாகக் காய்ந்த பிறகு, அடித்துளை வழியே வடியும் வரை ஊற்றுவேன். தட்டில் தேங்கியதை அப்போதே கொட்டிவிட வேண்டும். கோடையில் சில நாட்களிலேயே காய்ந்துவிடும் அதே தொட்டி, குளிர்காலத்திலும் வெயிலே எட்டிப் பார்க்காத மழை நாட்களிலும் இரண்டு மூன்று வாரம்கூட ஈரமாகவே நிற்கும். தண்டின் அடி பருத்திருப்பது தண்ணீரைச் சேமித்து வைக்கத்தான். அதனால் கொஞ்சம் தாமதமானாலும் செடி தாங்கிக்கொள்ளும், அவசரப்பட்டு ஊற்றினால் தாங்காது.

பின்னலைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்பவர்கள் சொல்வதில்லை. அது ஒரே மரம் இல்லை. மூன்று முதல் ஐந்து இளஞ்செடிகளை, தண்டு வளைகிற பருவத்தில் சேர்த்துப் பின்னியது. எனக்கு வந்த செடியில் ஒரு தண்டு வாங்கும்போதே உள்ளுக்குள் கெட்டிருந்தது. வெளியே பார்க்கப் பச்சைதான். விரலால் அழுத்தினால் மற்ற தண்டுகள் கல் மாதிரி இருக்க, அது மட்டும் பொதபொதவென்று அமுங்கியது. தோல் சுருங்கி, லேசாக உரித்தால் காகிதமாகக் கழன்று வந்தது. அதை மட்டும் மெதுவாக ஆட்டி, பின்னலிலிருந்து முழுதாக உருவி எடுத்தேன். மற்ற தண்டுகள் இன்றும் நன்றாக இருக்கின்றன. ஆகவே வாங்கும்போது இலையைப் பார்ப்பதற்கு முன் ஒவ்வொரு தண்டையும் அடியில் அழுத்திப் பாருங்கள். பின்னல் கழலாமல் இருக்க மேலே கட்டிய ரப்பரோ கம்பியோ இருக்கும், அதையும் தேடிப் பாருங்கள். தண்டு பருக்கப் பருக்க அது சதைக்குள் புதைந்து கழுத்தை நெரிக்கும். இறுகத் தொடங்குவதற்கு முன்பே வெட்டி எடுத்துவிட வேண்டும்.

வெளிச்சம் நிறைய வேண்டும், உச்சி வெயில் நேராக விழக் கூடாது. கோடையில் ஜன்னலிலிருந்து இரண்டடி தள்ளி வைக்கிறேன், குளிர்காலத்தில் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே. இடம் மாற்றினால் சில இலைகள் உதிரும், பதறத் தேவையில்லை. ஏசி காற்றும் ஹீட்டர் காற்றும் நேராகப் படும் இடம் மட்டும் வேண்டவே வேண்டாம். வெப்பம் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது. 10க்குக் கீழே போனால் இலைகள் கருகத் தொடங்கும்.

காற்று வறண்டால் இலை நுனி பழுப்பாகும். சிவப்புச் சிலந்திப் பேனும் அப்போதுதான் வரும். இலை மேல் ஊசி குத்தியது போல மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால், திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள், மெல்லிய நூலாம்படை இருக்கும். ஈரத்துணியால் இரு பக்கமும் துடைத்து, சில நாள் இடைவெளியில் மறுபடி மறுபடி துடைத்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும். இலைக்குத் தண்ணீர் தெளிப்பதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். அந்த ஈரம் கொஞ்ச நேரம்கூட நிற்பதில்லை, துடைப்பதில்தான் பலன். காம்புக் கணுவில் மாவுப்பூச்சி வந்தால் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு.

உரம், புதுத் துளிர் வரும் மாதங்களில் மட்டும், பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதி. குளிரில் நிறுத்திவிடுவேன். தொட்டி மாற்றுவது இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை. பழையதைவிட ஓரிரண்டு அங்குலம் மட்டும் அகலமானது, மண்ணோடு பெர்லைட் (தண்ணீர் எளிதில் வடிய மண்ணில் கலக்கும் லேசான வெள்ளைத் துகள்) தாராளமாக. பெரிய தொட்டியில் வைத்தால் சீக்கிரம் வளரும் என்று நினைக்காதீர்கள், வேர் எட்டாத மண் காயாமல் கிடக்கும். நாய், பூனை கடித்தாலும் இந்தச் செடியில் விஷம் இல்லை.

கிளைகள் ஒல்லியாக நீண்டால் வெயில் ஏறத் தொடங்கும் பருவத்தில் கணுவுக்குச் சற்று மேலே வெட்டிவிடுகிறேன், பக்கத்துளிர்கள் அடர்த்தியாக வருகின்றன. வெட்டிய கொம்பைத் தண்ணீரில் வைத்தால் வேர் விடும், அப்புறம் மண்ணில் நடலாம். அடி பருத்த மரம் வேண்டுமென்றால் விதையிலிருந்து வளர்ந்த கன்றைத்தான் தேட வேண்டும். கொம்பிலிருந்து வரும் செடிக்கு அந்தத் தொந்தி அவ்வளவாக வருவதில்லை.