மயிலாடியில் ஓட்டை போட்ட கல் செய்து வாங்கிய கதை

நாகர்கோவில் பக்கத்தில் சிலை செதுக்கும் ஊரான மயிலாடியில் கல் வேலை சொல்லிச் செய்யப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொஞ்சம் குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் பட்டறையின் பெயர் வேண்டாம்.

நான் கேட்டது பிள்ளையாரோ நந்தியோ இல்லை. பார்பரா ஹெப்வொர்த் என்ற இங்கிலாந்துச் சிற்பியின் வேலைகளைப் படத்தில் பார்த்துப் பார்த்து, அதே மாதிரி நடுவில் ஓட்டை போட்ட ஒரு கல் நாகர்கோவிலில் எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. 1937இல் அவர் வெள்ளைப் பளிங்கில் செய்த, துளைத்த அரைக்கோளம் ஒன்றைப் போனில் காட்டினேன். வயதான ஆசாரி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "மக்களே, இது முடிஞ்ச வேலையா, பாதியில நிக்குதா?" என்றார். பக்கத்தில் ஆட்டுக்கல் கொத்திக்கொண்டிருந்தவர் சிரித்தே விட்டார்.

சரி என்று உட்கார்ந்து கதை சொன்னேன். 1903இல் வேக்ஃபீல்டில் பிறந்தவர், அப்பா சர்வேயர், அவருடைய காரில் கூடவே போய் மேடு பள்ளங்களைப் பார்த்து வளர்ந்த பெண். அந்தக் காலத்தில் அங்கே பல சிற்பிகள் களிமண்ணில் மாதிரி செய்து கொடுத்துவிடுவார்கள், கல்லில் வெட்டுவது வேறு ஆட்களின் வேலை. ஹெப்வொர்த்தும் அவரோடு லீட்ஸில் படித்த ஹென்றி மூரும் இன்னும் சிலரும், கல்லை நாமே நேராகச் செதுக்குவோம் என்று உளியை எடுத்ததுதான் பெரிய புதுமையாகப் பேசப்பட்டது. ஆசாரி முகத்தில் ஒரு வியப்பும் இல்லை. "பின்ன கல்லை வேற எப்பிடிச் செய்ய?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

கல் தேர்ந்தெடுத்த விதத்துக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். ஐந்தாறு கற்களைச் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டு, கணீரென்று வந்ததைத் தனியே எடுத்து வைத்தார், மந்தமாக ஒலித்தால் உள்ளே கீறல் இருக்கலாமாம். ஒரு மாதத்தில் தருகிறேன் என்றார். நடுவில் ஒரு கோயில் வேலை வந்துவிட, மூன்று மாதம் ஆனது. நானே நாலு தடவை போன் செய்ய வேண்டியிருந்தது, அவர்களாக ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

வந்த கல்லின் வெளிப்பக்கம் அருமை. இரண்டடி கருங்கல், மழையில் நனைந்த மாதிரி பாலிஷ். ஆனால் ஓட்டைக்குள் கையை விட்டால் கிரைண்டர் ஓடிய கோடுகள் விரலில் தட்டுகின்றன. கேட்டால், "உள்ள யாரு பாக்கப் போறா?" யோசித்தால் அவரையும் குறை சொல்ல முடியவில்லை, சாமி சிலைக்கு முன்பக்கம்தான் எல்லாம், பின்பக்கம் சுவரோடு போய்விடும். ஆனால் ஹெப்வொர்த் வேலையில் உயிரே அந்த உள்பக்கம்தான். 1939இல் போருக்குச் சற்று முன், ஒரே பிரசவத்தில் பிறந்த மூன்று பிள்ளைகளோடு அவர் செயின்ட் ஐவ்ஸுக்குக் குடிபோனார், நமக்குக் குமரி மாதிரி இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் இருக்கிற கடலோர ஊர். அங்கே 1946இல் செய்த 'பெலகோஸ்' என்ற மரச் சிற்பம் அலை சுருண்ட மாதிரி இருக்கும், உள்ளே குடைந்து வெளிர்நீலம் பூசி, குறுக்கே நரம்புகள் கட்டியிருப்பார். வெளியே வெறும் மரம். 1975இல் பட்டறையில் பிடித்த தீயில் இறந்தார், அந்தத் தோட்டமும் சிற்பங்களும் இன்று அருங்காட்சியகம்.

இதையெல்லாம் மறுபடியும் சொன்ன பிறகு அரை நாள் உட்கார்ந்து தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கொடுத்தார், கூடுதல் காசு கேட்கவில்லை. அப்படியும் அடி ஓரத்தில் ஒரு இடம் சொரசொரப்பாகவே இருக்கிறது.

கல்லுக்கு 16,000 ரூபாய், நியாயம்தான். டெம்போ நம் பொறுப்பு. வெறும் வைக்கோலை நம்பாதீர்கள், பழைய டயர் ஒன்று கொண்டுபோய் அதன்மேல் வையுங்கள். எனக்கு அடியில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குச் சில்லு பெயர்ந்துவிட்டது.

போன வாரம் ஆசாரியே கூப்பிட்டார். ரிசார்ட்காரர் ஒருவர் இதே மாதிரி கேட்கிறாராம், அந்த ஓட்டைக் கல்லை ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா என்றார். கொஞ்சம் பக்கவாட்டில் நின்று எடுக்க வேண்டுமாம், உள்பக்கம் தெரியக் கூடாதாம்.